கசிந்ததா, கசியவிடப்பட்டதா? இணைய டோக்கன்களின் முப்பதாண்டு வரலாறு

‘டோக்கன் கசிந்தது.’ தகவல் பாதுகாப்பு அறிக்கைகளில் திரும்பத் திரும்பக் காணக்கிடைக்கும் தொடர் இது. இலக்கண நோக்கில் ‘கசிந்தது’ என்பது செயப்படுபொருள் குன்றிய தன்வினை. பானையிலிருந்து நீர் கசிவதைப்போல அது தானாக நிகழ்ந்துவிடுகிறது. செய்தவர் என்று எவரும் இல்லை. அதையே ‘கசியவிட்டனர்’ என்று பிறவினையாக்கினால் உடனே ஓர் எழுவாய் தேவைப்படுகிறது. யார் கசியவிட்டனர்? கவனக்குறைவான பயனரா, நிரலை எழுதிய பொறியாளரா, உலாவியை வடிவமைத்த நிறுவனமா, நெறிமுறையை வகுத்த குழுவா? கடந்த முப்பது ஆண்டுகால இணைய மென்பொருள் வரலாற்றின் ஒரு கிளையை இந்த வினாவைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்க முயல்கிறேன். கணினியியல் பயிலாத மாணவர்களும் படிக்கக்கூடும் என்பதால் அடிப்படையிலிருந்து தொடங்குவது நல்லது.

ஓர் இணையதளத்தில் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒருமுறை கொடுத்து உள்நுழைகிறோம். அதன்பின் ஒவ்வொரு சொடுக்கிலும் கடவுச்சொல் கேட்கப்படுவதில்லை. காரணம், முதல் முறை சரிபார்த்த வழங்கி, ஊகிக்க முடியாத நீண்ட எழுத்துச் சரம் ஒன்றை நம் உலாவியிடம் தந்துவிடுகிறது. பின்னர் வரும் ஒவ்வொரு கோரிக்கையோடும் உலாவி அந்தச் சரத்தைக் காட்டுகிறது. அதுவே டோக்கன், கலைச்சொல்லாக, அடையாள வில்லை. ஒரு காலத்தில் நம் வங்கிகளில் காசோலையைக் கொடுத்ததும் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்றைத் தருவார்கள். எண்ணை அழைக்கும்போது வில்லையை நீட்டுபவருக்குப் பணம் கிடைக்கும். வில்லை தொலைந்தால், எடுத்தவர் நீட்டினாலும் பணம் கிடைக்கும். இணைய டோக்கனின் வலிமையும் பலவீனமும் அதேதான். கடவுச்சொல் ஒருவரை யாரென்று கேட்கிறது. டோக்கன் கையில் என்ன இருக்கிறது என்று மட்டுமே கேட்கிறது. கடவுச்சொல்லோடு கைப்பேசிக் குறியெண்ணும் சேர்த்துச் சரிபார்க்கும் தளத்திலும், சரிபார்ப்பு முடிந்தபின் வழங்கப்படும் டோக்கனைத் திருடியவருக்கு அவ்விரண்டுமே தேவையில்லை.

1. நினைவில்லாத நெறிமுறை

இணையத்தின் அடிப்படை நெறிமுறையான எச்டிடிபிக்கு நினைவு கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் அதற்கு முதற் சந்திப்பே. ஆவணங்களைப் பகிர்ந்துகொள்வதற்காக ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வகமான செர்னில் பிறந்த ஒரு முறைக்கு அது குறையன்று. கடை விரிக்க வந்தவர்களுக்குத்தான் அது தடையாயிற்று. வாங்குபவர் அடுத்த பக்கத்துக்குப் போனதும் கூடையில் போட்டது என்னவென்று கடைக்காரருக்குத் தெரியாது.

1994ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுலி இதற்குத் தீர்வாக முன்வைத்ததே குக்கி. எம்.சி.ஐ. என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்துக்காக இணையக் கடை ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. அரைகுறையாக நிற்கும் கொள்முதல் விவரங்களைத் தன் வழங்கிகளில் வைத்துக்கொள்ள அந்நிறுவனம் விரும்பவில்லை. எனவே, விவரத்தைப் பயனரின் கணினியிலேயே வைத்து, தேவைப்படும்போது அங்கிருந்து வரவழைக்கும் வழி காணப்பட்டது. ஒரு நிரல் பெற்றுக்கொண்டு, பொருள் அறியாமலே அப்படியே திருப்பித் தரும் தரவுத் துணுக்கை யூனிக்ஸ் நிரலாளர்கள் ‘மேஜிக் குக்கி’ என்று அழைத்துவந்தனர். பெயர் அங்கிருந்து வந்தது.

இப்பிறப்புக் கதையில் ஒரு செய்தியைக் குறித்துக்கொள்ள வேண்டும். குக்கி நினைவுக்கருவியாகத்தான் பிறந்தது, சாவியாகப் பிறக்கவில்லை. வணிகக் கூடையை நினைவுபடுத்த உருவாக்கிய பொருளின்மீது, சில ஆண்டுகளுக்குள் வங்கிக் கணக்கின் பூட்டும் மின்னஞ்சல் பெட்டியின் பூட்டும் ஏற்றப்பட்டன. 1997 பிப்ரவரியில் ஆர்.எஃப்.சி. 2109 என்னும் தர ஆவணம் வந்தபோது பொதுவெளி விவாதம் பெரும்பாலும் தனியுரிமை பற்றியதாக, விளம்பர நிறுவனங்கள் நம்மைப் பின்தொடர்வது பற்றியதாக இருந்தது. சாவியைத் திருடலாம் என்ற அச்சம் பின்னர்தான் வலுப்பெற்றது.

2. முகவரியில் எழுதிய இரகசியம், பிழையாக எழுதிய பெயர்

குக்கியை ஏற்காத உலாவிகளுக்காகப் பல மென்பொருள்கள் வேறொரு வழியைக் கையாண்டன: டோக்கனைப் பக்கத்தின் முகவரியிலேயே சேர்த்துவிடுவது. பிஎச்பி, ஜாவா ஆகிய இரு மொழிச் சூழல்களிலும் அமர்வு எண் முகவரியின் வாலில் தொங்கிக்கொண்டிருந்த காலம் உண்டு. முகவரி என்பது பகிர்வதற்கென்றே பிறந்த பொருள். நண்பருக்கு அனுப்புகிறோம், உலாவி வரலாற்றில் சேமிக்கிறது, வழங்கி தன் பதிவேட்டில் எழுதிவைக்கிறது. இவை போதாதென்று நான்காவது வழி ஒன்றும் இருந்தது. ஒரு பக்கத்திலுள்ள இணைப்பைச் சொடுக்கி வேறு தளத்துக்குப் போகும்போது, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறோம் என்பதை உலாவி தானே அப்புதிய தளத்துக்கு அறிவித்துவிடும். முகவரியில் டோக்கன் இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

இப்படி அறிவிக்கும் தலைப்புவரியின் பெயர் ‘ரெஃபரர்’. மொழி பயில்வோர் அறியவேண்டிய சுவையான செய்தி இங்கே உண்டு. ஆங்கிலத்தில் அச்சொல்லின் நடுவே இரண்டு ‘ஆர்’ வரவேண்டும். பிலிப் ஹாலம்-பேக்கர் முன்மொழிந்த வடிவத்தில் ஒன்றுதான் இருந்தது. அக்கால யூனிக்ஸ் எழுத்துப் பிழைதிருத்திக்கு இரு வடிவமுமே தெரியாது என்று தரநிலை ஆசிரியர்களுள் ஒருவரான ராய் ஃபீல்டிங் 1995இல் குறிப்பிட்டார். பிழை கண்டுகொள்ளப்பட்டபோது அது ஏராளமான நிரல்களுக்குள் குடியேறிவிட்டிருந்தது. 1996இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1945 பிழையான வடிவத்தையே தரநிலையாக்கியது. இன்றும் உலகிலுள்ள உலாவிகள் அந்தப் பிழையோடுதான் பேசிக்கொள்கின்றன. வழக்காறு இலக்கணத்தை வெல்வது இயல்மொழிகளில் மட்டும் நிகழ்வதன்று.

எழுத்துப் பிழையைப்போலவே பாதுகாப்புப் பிழையும் நிலைபெற்றது. தலைப்புவரியை அனுப்புவதா வேண்டாமா என்று பயனர் தேர்ந்துகொள்ள வழி இருக்கவேண்டும் என அதே 1996ஆம் ஆண்டு ஆவணம் வலியுறுத்தியது. கமுக்கமான தரவை முகவரியில் இடக்கூடாது என 1999 ஜூனில் வெளியான ஆர்.எஃப்.சி. 2616 அறிவுறுத்தியது. ஆனால் 2011 மே மாதத்தில் சைமன்டெக் நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது: ஃபேஸ்புக்கில் இயங்கிய செயலிகளில் ஏறத்தாழ 1,00,000 செயலிகள், பயனர்களின் அணுகல் டோக்கன்கள் விளம்பர, பகுப்பாய்வு நிறுவனங்களைச் சென்றடைய வழிவிட்டிருந்தன என அது மதிப்பிட்டது. வழிகளுள் முதன்மையானது அதே ரெஃபரர் வரி. அறிவுரை எழுதப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

தீர்வாக ‘ரெஃபரர் கொள்கை’ என்ற புதிய தலைப்புவரி பின்னர் உருவாக்கப்பட்டது. இம்முறை இரண்டு ‘ஆர்’ சரியாக எழுதப்பட்டன! இணையதளங்கள் விரும்பினால் இதைச் சேர்த்துக்கொண்டு, பிற தளங்களுக்கு முழு முகவரி போகாமல் தடுக்கலாம். 2020 ஆகஸ்டில் குரோம் 85ஆம் பதிப்பும், 2021 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 87ஆம் பதிப்பும், எவரும் எதுவும் கேட்காவிட்டாலும் பிற தளங்களுக்கு முகவரியின் முற்பகுதியை மட்டுமே அனுப்புவது என்று இயல்பு நடத்தையையே மாற்றிக்கொண்டன.

3. விருந்தினராகப் புகுந்த நிரல்

1995இல் நெட்ஸ்கேப் உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட் சேர்ந்தபோது, ஒரு தளத்தின் நிரல் இன்னொரு தளத்தின் தரவைப் படிக்கக்கூடாது என்ற ‘ஒரே மூலம்’ என்னும் விதியும் உருப்பெற்றது. ஆனால் வேற்றாளின் நிரல் நம் தளத்தின் பக்கத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டால்? கருத்துப் பெட்டியில் ஒருவர் எழுத்துக்குப் பதில் நிரலைத் தட்டச்சு செய்து, அதைத் தளம் சரிபார்க்காமல் அப்படியே வெளியிட்டால், படிப்பவர் உலாவியில் அந்நிரல் வீட்டாரின் உரிமையோடு இயங்கும். குக்கியை எடுத்து வெளியே அனுப்பும். 2000 பிப்ரவரி 2 அன்று அமெரிக்காவின் செர்ட் மையம் இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது. ‘கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங்’ என்ற பெயர் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்களிடையே அக்காலத்தில் சூட்டப்பட்டது.

2002இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6இன் முதல் சேவைத் தொகுப்பில் மைக்ரோசாஃப்ட் ஒரு தடுப்பைச் சேர்த்தது. குக்கியின் பின்னால் ‘எச்டிடிபிஒன்லி’ என்ற ஒற்றைச் சொல்லை எழுதினால், உலாவி அக்குக்கியை வழங்கிக்கு அனுப்பும். ஆனால் பக்கத்திலுள்ள நிரலுக்குக் காட்டாது. எளிய, அழகான தீர்வு. சில மாதங்களில், 2003 ஜனவரியில், ஜெரமையா கிராஸ்மன் அதைச் சுற்றிக் கடக்கும் வழியைக் காட்டினார். எச்டிடிபியில் ‘டிரேஸ்’ என்ற பரிசோதனைக் கட்டளை உண்டு. வழங்கி தனக்கு வந்த கோரிக்கையை அப்படியே எதிரொலிக்கும். நிரல் குக்கியைப் பார்க்க முடியாது. ஆனால் எதிரொலியைப் படிக்கலாம், எதிரொலிக்குள் குக்கி இருந்தது. பழுதுகாண உதவும் கருவியே பழுதாயிற்று. இந்தக் காட்சி இருபது ஆண்டுகளுக்குப்பின் மீண்டும் வரும். உலாவிகள் பின்னர் நிரல்கள் டிரேஸ் கட்டளையைப் பயன்படுத்துவதைத் தடைசெய்தன. ஆனால் ‘எச்டிடிபிஒன்லி’ ஃபயர்ஃபாக்ஸில் வந்துசேர 2007 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இத்தடுப்பின் எல்லையையும் சொல்லவேண்டும். 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் தளத்தில் பரவிய ‘சேமி’ என்ற நிரல்புழு ஒரு நாளைக்குள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கணக்குகளைத் தொற்றியது. அது செயல்பட எவருடைய டோக்கனையும் வெளியே எடுத்துச்செல்லத் தேவையில்லை. படிப்பவரின் உலாவிக்குள்ளிருந்தே, அவருடைய அமர்வைக்கொண்டே, அவர் பெயரால் செயல்பட்டது. சாவியை மறைத்துவைத்தாலும், வீட்டுக்குள் இருப்பவர் கதவைத் திறந்துவிடலாம்.

4. காற்றில் திறந்து கிடந்தவை

2010 அக்டோபர் 24 அன்று சான் டியகோவில் நடந்த டூர்கான் மாநாட்டில் எரிக் பட்லர் ‘ஃபயர்ஷீப்’ என்ற ஃபயர்ஃபாக்ஸ் நீட்சியை வெளியிட்டார். உணவகத்திலோ விமான நிலையத்திலோ கடவுச்சொல் இல்லாத வைஃபையில் அமர்ந்து ஒரு பொத்தானை அழுத்தினால், அதே வைஃபையில் ஃபேஸ்புக், டுவிட்டர் போன்ற தளங்களில் உலவுவோரின் பெயரும் படமும் பக்கப்பட்டையில் வரிசையாகத் தோன்றும். படத்தைச் சொடுக்கினால் அவர் கணக்குக்குள் நுழைந்துவிடலாம்.

நுட்பம் புதிதன்று. 2007இலேயே ராபர்ட் கிரகாம் இதே தாக்குதலைப் பொதுமேடையில் செய்துகாட்டியிருந்தார். அன்றைய தளங்கள் பல, கடவுச்சொல் அனுப்பும் பக்கத்தை மட்டும் குறியாக்கம் செய்தன. உள்நுழைந்தபின் டோக்கன் வெட்டவெளியில் பயணித்தது. கடவுச்சொல்லைப் பூட்டிய பெட்டியில் கொண்டுசென்று கொடுத்து, பதிலுக்குப் பெற்ற வில்லையைத் தெருவெல்லாம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடப்பதற்கு ஒப்பானது இது. குறியாக்கப்பட்ட வழியில் மட்டுமே குக்கியை அனுப்பு என்று உலாவிக்குச் சொல்லும் ‘செக்யூர்’ என்ற சொல் நெட்ஸ்கேப்பின் முதல் குக்கி வரையறையிலேயே இருந்தது. கருவி கையிலிருந்தும் பதினைந்து ஆண்டுகளாகப் பெருந்தளங்கள் பல அதைப் பயன்படுத்தவில்லை.

செலவு என்பதே வழக்கமான விடையாக இருந்தது. ஆனால் 2010 ஜனவரியில் ஜிமெயில் எல்லாப் பயனர்களுக்கும் முழுக் குறியாக்கத்தை இயல்பாக்கியபின், அதனால் தங்கள் வழங்கிகளின் செயலிச் சுமையில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே செலவாகிறது எனக் கூகுள் பொறியாளர் ஆடம் லாங்லி எழுதினார். ஃபயர்ஷீப் வந்து மூன்று மாதங்களில், 2011 ஜனவரியில், ஃபேஸ்புக் குறியாக்கத்தை விருப்பத் தேர்வாக்கியது. எல்லாருக்கும் இயல்பாக்க 2013 ஜூலை ஆயிற்று. 2012 நவம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 6797, ‘இனி என்னிடம் குறியாக்க வழியில் மட்டுமே வா’ என்று ஒரு தளம் உலாவிக்குக் கட்டளையிட வழிசெய்தது. அறிஞர்கள் பல ஆண்டுகள் எழுதிய கட்டுரைகளால் அசையாத கதவை, எவரும் சொடுக்கக்கூடிய ஒரு பொத்தான் திறந்தது என்பது ஆய்வுலகம் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி.

5. வில்லையே உரிமை

2000களின் நடுவில் இன்னொரு வழக்கம் பரவியிருந்தது. புதிய சமூகத் தளம் ஒன்று, ‘உங்கள் நண்பர்களைக் கண்டறிகிறோம், மின்னஞ்சல் கடவுச்சொல்லைக் கொடுங்கள்’ என்று கேட்கும், மக்களும் கொடுத்தார்கள். முழு வீட்டுச் சாவியைக் கொடுக்காமல், ஓர் அறைக்கு மட்டும், ஒரு காலத்துக்கு மட்டும் அனுமதி தரும் முறையாக 2007இல் ‘ஓஆத்’ வெளிவந்தது. அதன் முதற்பதிப்பில் ஒவ்வொரு கோரிக்கையும் கையொப்பமிடப்பட்டது. கையொப்பமிடும் இரகசியம் கோரிக்கையோடு பயணிப்பதில்லை. வழியில் ஒட்டுக்கேட்பவருக்கு அது கிடைக்காது.

கையொப்பமிடுவது நிரலாளர்களுக்குத் தலைவலியாக இருந்தது. 2012 அக்டோபரில் ஆர்.எஃப்.சி. 6749, 6750 என வெளியான இரண்டாம் பதிப்பு, குறியாக்க வழியையே நம்பி, கையொப்பத்தைக் கைவிட்டு, ‘பேரர்’ டோக்கனை, அதாவது ஏந்துபவர் எவரோ அவரையே உரியவராகக் கொள்ளும் டோக்கனை, முதன்மையாக்கியது. பித்தளை வில்லை மீண்டும் வந்தது. இரண்டாம் பதிப்பின் முதன்மை ஆசிரியராக இருந்த எரன் ஹாமர், அவ்வாண்டு ஜூலையிலேயே பொறுப்பிலிருந்து விலகி, ஆவணத்திலிருந்து தம் பெயரையும் நீக்கிக்கொண்டார். அவர் முன்வைத்த குறைகளுள் ஒன்று இந்தக் கையொப்ப நீக்கம்.

டோக்கனை முகவரியில் இடும் வழக்கத்தை ஆர்.எஃப்.சி. 6750 விரும்பவில்லை, ஆயினும் வேறு வழியில்லாவிடில் என்ற நிபந்தனையோடு இடமளித்தது. 2025 ஜனவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 9700தான் முகவரியின் வினவல் பகுதியில் அணுகல் டோக்கனை இடவே கூடாது என்று விலக்கியது. 1999இன் அறிவுரை விதியாவதற்கு இருபத்தாறு ஆண்டுகள்.

ஏந்துபவருக்கே உரிமை என்பதன் விலை 2018 செப்டம்பரில் தெரிந்தது. பிறர் கண்ணுக்குத் தம் பக்கம் எப்படித் தோன்றும் என்று காட்டும் ஃபேஸ்புக்கின் ‘வியூ ஆஸ்’ வசதியில், காணொளி ஏற்றும் கருவி தோன்றக்கூடாத இடத்தில் தோன்றியது. தோன்றிய கருவி தேவையில்லாமல் டோக்கன் ஒன்றை உருவாக்கியது. அந்த டோக்கனும் பார்ப்பவருக்கு உரியதாக இல்லாமல், யாருடைய கண்ணால் பார்க்கிறாரோ அவருக்கு உரியதாக இருந்தது. மூன்று சிறு பிழைகள் சேர்ந்து ஒரு பெருங்கதவாயின. முதலில் ஐந்து கோடிக் கணக்குகள் என்று அறிவித்த நிறுவனம், பின்னர் மூன்று கோடிக் கணக்குகளின் டோக்கன்கள் திருடப்பட்டதாகத் திருத்தியது. அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 டிசம்பரில் இதற்காக 25.1 கோடி யூரோ தண்டம் விதித்தது. அம்மூன்று கோடிப் பேரில் எவரும் தம் கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லவில்லை.

6. குறியுற்றதும் குறியற்றதும்

இதுவரை கண்டவற்றைத் தொகுத்து நோக்க மொழியியல் ஒரு கருத்தைத் தருகிறது. பிராக் வட்டத்தைச் சேர்ந்த துருபெத்ஸ்கோய், யாக்கப்சன் ஆகியோர் 1930களில் வளர்த்தெடுத்த ‘குறியுறல்’ என்னும் கருத்து அது. எதிரெதிரான இரண்டு வடிவங்களில் ஒன்று எவ்வடையாளமும் இல்லாமல் இயல்பாக வரும். மற்றொன்றுக்குக் கூடுதல் ஒட்டு ஒன்று வேண்டும். ‘மரம்’ குறியற்றது, ‘மரங்கள்’ குறியுற்றது. பேசுபவர் ஒன்றும் முயலாதபோது வாயில் வருவது குறியற்ற வடிவம்.

குக்கியின் இலக்கணத்தில் பாதுகாப்பு எப்போதும் குறியுற்ற வடிவமாகவே இருந்துவந்தது. ‘செக்யூர்’ என்று சேர்த்தால்தான் குறியாக்கம். ‘எச்டிடிபிஒன்லி’ என்று சேர்த்தால்தான் நிரலிடமிருந்து மறைவு. 2016இல் குரோம் 51 அறிமுகப்படுத்திய ‘சேம்சைட்’ என்ற சொல்லைச் சேர்த்தால்தான், வேற்றுத் தளம் தூண்டிவிடும் கோரிக்கைகளோடு நம் குக்கி ஒட்டிக்கொண்டு போகாமல் தடுக்கலாம். ஒன்றும் சேர்க்காமல் விட்டால் மூன்று கதவுகளும் திறந்தே கிடக்கும். இத்தகைய இலக்கணத்தில் ‘நிரலாளர் மறந்துவிட்டார்’ என்று சொல்வது உண்மைதான். ஆனால் மறதிக்கு ஆபத்தைத் தண்டனையாக வைத்தவர் இலக்கணத்தை எழுதியவர்.

எனவே இவ்வரலாற்றின் உண்மையான திருப்பங்கள் புதிய சொற்கள் பிறந்த ஆண்டுகள் அல்ல. குறியற்ற வடிவம் மாறிய ஆண்டுகளே. 2020 பிப்ரவரியில் குரோம் 80, ‘சேம்சைட்’ இல்லாத குக்கியையும் அச்சொல்லின் மிதமான வடிவம் இருப்பதாகவே கொள்ளத் தொடங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் இன்றியமையாத தளங்கள் முடங்கிவிடக்கூடாது என்று ஏப்ரலில் அம்மாற்றம் நிறுத்திவைக்கப்பட்டு ஜூலையில் மீண்டும் தொடர்ந்தது. பாதுகாப்பை இயல்பாக்குவது பழைய தளங்களை உடைக்கும். உடைக்காமலிருப்பது பயனரை உடைக்கும். தாமதங்கள் அனைத்துக்கும் பின்னால் இருந்த இழுபறி இதுவே.

7. தானே தன்னை அறிவிக்கும் இரகசியம்

நிரல்கள் கிட்ஹப் போன்ற பொதுக் களஞ்சியங்களுக்கு இடம்பெயர்ந்தபோது கசிவின் வடிவமும் மாறியது. நிரலாளர் தம் சோதனைக்காக டோக்கனை நிரலுக்குள்ளேயே எழுதிவைக்கிறார். பின்னர் கோப்பைப் பொதுவில் ஏற்றிவிடுகிறார். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட களஞ்சியங்களில் இத்தகைய இரகசியங்கள் கண்டறியப்பட்டன. நாள்தோறும் ஆயிரக்கணக்கில் புதியவை சேர்ந்துகொண்டும் இருந்தன.

தானியங்கி முறையில் இவற்றைத் தேடுவதற்கு ஒரு தடை இருந்தது. கிட்ஹப்பின் பழைய டோக்கன் நாற்பது பதினறும எழுத்துகளால் ஆனது. நிரல் மாற்றங்களைச் சுட்டும் அடையாளக் குறிகளும் அதே நாற்பது எழுத்துகள்தாம். எது சாவி, எது வெறும் எண் என்று உருவத்தால் பிரித்தறிய இயலாது. 2021 ஏப்ரலில் கிட்ஹப் தன் டோக்கன்களுக்கு முன்னொட்டு சேர்த்தது: வகையைச் சுட்டும் மூன்று எழுத்துகள், பின்னர் ஓர் அடிக்கோடு. இறுதி ஆறு எழுத்துகள் சரிபார்ப்புத் தொகை. பார்த்த மாத்திரத்தில் உண்மையான டோக்கனா, போலிச் சரமா என்று கணிக்க அவை உதவுகின்றன. அதே ஆண்டு ஜனவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 8959, ‘இது இரகசியம்’ என்று ஆங்கிலத்தில் அறிவிக்கும் முன்னொட்டையே பொதுத் தரநிலையாக்கியது. இரகசியத்தைக் காக்க அது இரகசியம் என்று உரக்கச் சொல்லவேண்டும் என்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் மனிதக் கண்ணுக்கும் இயந்திரக் கண்ணுக்கும் புலப்படும் உருபு ஒன்று இருந்தால்தான், தவறான இடத்தில் அது வரும்போது தடுத்து நிறுத்த முடியும். பொதுக் களஞ்சியங்களில் டோக்கன் அடங்கிய கோப்பை ஏற்றும்போதே தடுக்கும் வசதியை 2024 பிப்ரவரி இறுதியில் கிட்ஹப் எல்லாப் பயனர்களுக்கும் இயல்பாக்கத் தொடங்கியது. மீண்டும் ஒரு குறியற்ற வடிவம் மாறியது.

பழுதுகாணும் கருவியின் கதை 2023 அக்டோபரில் திரும்பி வந்தது. ஆயிரக்கணக்கான நிறுவனங்களுக்கு உள்நுழைவுச் சேவை வழங்கும் ஆக்டா நிறுவனம், வாடிக்கையாளரின் சிக்கலை ஆராய உலாவியின் ‘ஹார்’ பதிவுக் கோப்பை அனுப்பச் சொல்வது வழக்கம். உலாவிக்கும் வழங்கிக்கும் நடந்த உரையாடல் அனைத்தும், குக்கிகள் உட்பட, அக்கோப்பில் இருக்கும். உதவிப் பிரிவின் அமைப்புக்குள் நுழைந்த தாக்குநர்கள், வாடிக்கையாளர்கள் நம்பி ஏற்றிய அக்கோப்புகளிலிருந்தே உயிருள்ள டோக்கன்களை எடுத்தனர். 134 வாடிக்கையாளர்களின் கோப்புகள் அணுகப்பட்டதாக நிறுவனம் பின்னர் தெரிவித்தது. டிரேஸ் கட்டளை எதிரொலித்ததும் ஹார் கோப்பு பதிவுசெய்ததும் ஒன்றே: உதவி கேட்கும்போது நாம் உண்மையை முழுமையாகச் சொல்கிறோம், முழு உண்மையில் சாவியும் அடக்கம்.

8. ஏந்துபவரா, உரியவரா?

இறுதிக் கேள்வி தொடக்கக் கேள்வியே. டோக்கன் திருடப்பட்டாலும் திருடியவருக்குப் பயன்படாதவாறு செய்ய இயலுமா? கம்பராமாயணத்தில் இராமன் அனுமனிடம் கணையாழியை மட்டும் கொடுத்து அனுப்புவதில்லை. தனக்கும் சீதைக்கும் மட்டுமே தெரிந்த நிகழ்ச்சிகளையும் சொல்லி அனுப்புகிறான். மோதிரம் எவர் கைக்கும் போகலாம்; நினைவு போகாது.

இக்கருத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் முயற்சி எளிதாக இல்லை. டோக்கனைக் குறியாக்கத் தொடர்போடு பிணைக்கும் ‘டோக்கன் பைண்டிங்’ 2018 அக்டோபரில் ஆர்.எஃப்.சி. 8471ஆக வெளியானது; அதே ஆண்டு குரோம் அதற்கான ஆதரவைக் கைவிட்டது. 2023 செப்டம்பரில் வந்த ஆர்.எஃப்.சி. 9449, டோக்கனோடு ஒரு தனித்திறவுகோலால் இட்ட கையொப்பத்தையும் ஒவ்வொரு கோரிக்கையிலும் கேட்கிறது. 2012இல் கைவிட்ட கையொப்பம் வேறு வடிவில் திரும்பியிருக்கிறது. 2024 ஏப்ரலில் கூகுள் முன்வைத்த திட்டம், அமர்வுக் குக்கியை அந்தக் கணினியின் வன்பொருளுக்குள் உறையும் திறவுகோலோடு பிணைக்கிறது. இதன் தேவையை 2022 டிசம்பரில் சர்க்கிள்சிஐ நிறுவனத்துக்கு நேர்ந்தது விளக்கும். பொறியாளர் ஒருவரின் மடிக்கணினியில் புகுந்த தீநிரல், இருபடிச் சரிபார்ப்பை முடித்துப் பெற்றிருந்த அமர்வுக் குக்கியைக் கவர்ந்துசென்றது. அடுத்த மாதம் தன் வாடிக்கையாளர் அனைவரையும் இரகசியங்களை மாற்றிக்கொள்ளுமாறு அந்நிறுவனம் கேட்க நேர்ந்தது.

ஆய்வு மாணவர்களான நமக்கு இவ்வரலாறு தொலைவில் நிகழ்வதன்று. தரவுத் திரட்டவும் மொழி மாதிரிகளை இயக்கவும் நாம் நாள்தோறும் டோக்கன்களைப் பயன்படுத்துகிறோம். ஆய்வேட்டோடு நிரலையும் பொதுவில் வைக்கிறோம். வரலாறு தரும் நடைமுறைப் பாடங்கள் சில. டோக்கனை நிரலுக்குள் எழுதாமல் சூழல் மாறியிலோ தனிக்கோப்பிலோ வைத்து, அக்கோப்பைக் களஞ்சியத்திலிருந்து விலக்கிவைக்கலாம். நோட்புக் கோப்புகளில் நிரலை நீக்கினாலும் அச்சிட்ட வெளியீட்டில் டோக்கன் நின்றுவிடலாம். தேவையான உரிமையை மட்டும், தேவையான காலத்துக்கு மட்டும் கேட்டுப் பெறலாம். வெளியே போய்விட்டால் கோப்பைத் திருத்துவது முதல் வேலையன்று. பழைய பதிப்புகள் களஞ்சியத்தின் வரலாற்றில் நிற்கும். டோக்கனைச் செல்லாததாக்குவதே முதல் வேலை. பிழைச் செய்தியையோ திரைப்படத்தையோ உதவி கேட்டு அனுப்புமுன் ஒருமுறை படித்துப் பார்ப்பது இரண்டாவது.

ஆனால் இப்பாடங்களோடு நிறுத்திக்கொண்டால், பொறுப்பு முழுவதையும் ஏந்துபவர் தலையிலேயே ஏற்றியவர்களாவோம். முப்பது ஆண்டுகளில் கசிவைக் குறைத்தவற்றுள் பெரும்பங்கு, பயனருக்குச் சொன்ன அறிவுரைக்கு உரியதன்று. ஒன்றும் செய்யாதவரையும் காக்கும்படி இயல்பு நிலையை மாற்றிய முடிவுகளுக்கே உரியது. அம்முடிவுகளை எடுக்கும் அதிகாரம் உலாவி நிறுவனங்களிடமும் தரநிலைக் குழுக்களிடமும் பெருந்தளங்களிடமும் இருந்தது. அவர்கள் எடுத்த ஆண்டுகளும், எடுக்காமல் கடத்திய ஆண்டுகளும் ஆவணங்களில் உள்ளன. அடுத்தமுறை ஓர் அறிக்கையில் ‘கசிந்தது’ என்ற தன்வினையைக் காணும்போது, அதைப் பிறவினையாக்கி எழுவாயைத் தேடிப் பார்ப்போம். அந்த எழுவாய் ஒருமையாக இருப்பது அரிது.